சாக்கடைக்கு வந்த எறும்புகள்

அத்தியாயம் 9

"ஆளைப் பிடிச்சாச்சு, டீயும் வந்தாச்சு. அப்புறமும் ஏன் அத்தை பல்வலி வந்தவங்க மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றான் மாப்பிள்ளை.

டம்ளரில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அத்தை கேன்டீன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து ரசிக்க அங்கே ஒன்றும் கிடையாது. நகரத்தின் மொத்தச் சாக்கடையும் வந்து விழுகிற சுத்திகரிப்பு நிலையம் அது. நடுவில் மூடி போட்ட பெரிய இரும்புத் தொட்டி, அதை ஒட்டி ஒரு கழுவும் கொட்டகை, கொட்டகை வாசலில் ஒரு பெஞ்சு. பெஞ்சில் ஒருவர் இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே சொருகிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காவலாளி நின்றிருந்தான். காலையில் அத்தை எல்லோர் முன்னாலும் விரலை நீட்டி, "இவர்தான்" என்று சொன்ன ஆள் அவர்.

"ரொம்பச் சுலபமா முடிஞ்சுடுச்சு மாப்பிள்ளை."

"சுலபமா முடிஞ்சா சந்தோஷப்படணும் அத்தை. உங்களைத் தவிர உலகத்துல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

அத்தை என்பது அவனுக்குத்தான் உறவுமுறை. ஆனால் போகிற இடத்திலெல்லாம் அவன் அத்தை, அத்தை என்று கூவியதில், போலீஸ்காரர்களிலிருந்து பிடிபட்ட திருடர்கள் வரை ஊருக்கே அவள் அத்தையாகிவிட்டாள். முன்பு ஒரு காப்பீட்டுக் கம்பெனியில், தன் கடைக்குத் தானே தீ வைத்துவிட்டு நஷ்டஈடு கேட்டு வருகிற புண்ணியவான்களைக் கண்டுபிடிப்பதுதான் அவள் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகு சொந்தமாகத் துப்பறியத் தொடங்கினாள். மாப்பிள்ளையோ எந்த வேலையிலும் நிலையாக ஒட்டாதவன். டயர் கடை, குளிர்பான ஏஜென்சி, வீடியோ எடுப்பது, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என்று எல்லாவற்றிலும் தலையை விட்டு எடுத்துவிட்டுக் கடைசியில் மாமியாரிடம் வந்து சேர்ந்தான். அவனை அவள் ஒரு நாளும் நீ, வா, போ என்று பேசியதில்லை. "மாப்பிள்ளை, தயவுசெஞ்சு அந்தக் குப்பைத் தொட்டியைக் கவுத்துப் பாருங்க" என்று முழு மரியாதையோடுதான் வேலை வாங்குவாள்.

இந்தக் கேஸைக் கொண்டுவந்தது அவள் ஒரே மகள். இந்தத் தொட்டியைக் கட்டியெழுப்பிய இன்ஜினீயர். இங்கே வேலை செய்கிறவர்கள் அவளைக் 'கிருமியம்மா' என்று கூப்பிடுவார்கள். அதில் கேலி பாதி, பாசம் பாதி. மற்ற நிலையங்களில் சாக்கடைக்குள் இரவும் பகலும் காற்றை ஊதுவார்கள். கரண்ட் செலவு கழுத்தை நெரிக்கும். கிருமியம்மாவின் தொட்டியில் காற்றே நுழையக் கூடாது. காற்றில்லாமலே வாழ்கிற கிருமிகள் உள்ளே இருந்துகொண்டு சாக்கடையைத் தின்று, எரிகிற வாயுவை வெளியே விடும். அந்த வாயுவிலேயே நிலையத்தின் மோட்டார்கள் ஓடும். மிச்சமிருக்கும் தண்ணீரை மெல்லிய சவ்வுகள் வழியாக உறிஞ்சி எடுத்தால் பளிங்கு மாதிரி வரும். அத்தைக்கு இதெல்லாம் அரைகுறையாகத்தான் புரியும். ஆனால் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும், "என் பொண்ணு சாக்கடையில விளக்கு எரிய வெக்கிறா" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள்.

அந்தத் தொட்டிதான் இப்போது செத்துக் கிடந்தது. வாயு நின்றுவிட்டது. சவ்வுகளைப் பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுகிற கொட்டகையிலிருந்து தொட்டிக்கு ஒரு குழாய் போகிறது. அதன் வால்வு எப்போதும் மூடி, கம்பி சுற்றி, ஈய முத்திரை போட்டு வைக்கப்பட்டிருக்கும். யாரோ முத்திரையை அறுத்து, வால்வைத் திறந்து, ஒரு பீப்பாய் பிளீச்சிங்கைத் தொட்டிக்குள் விட்டிருக்கிறார்கள்.

காலையில் வந்ததும் அத்தை தன் வழக்கப்படி, இருப்பதைப் பார்க்காமல் இல்லாததைத் தேடினாள். வால்வு இருந்தது, காலிப் பீப்பாய் இருந்தது, அறுத்த கம்பியை மட்டும் காணவில்லை. அறுத்தவன் அதை ஏன் எடுத்துக்கொண்டு போனான்? எங்கே போட்டான்? தேடினால், சவ்வு கழுவுகிறவரின் கருவிப் பையில், ஸ்பேனர்களுக்கு அடியில் கிடைத்தது. எல்லோரும் சவ்வுக்காரர் என்று கூப்பிடும் அந்த மனிதர், "நான் அறுக்கலீங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம் எதையோ நினைத்துக்கொண்டு, "சவ்வெல்லாம் கொஞ்ச நாளாவே கொழகொழன்னு அடைச்சுக்கிட்டுத்தான் வந்துச்சு, கிருமியம்மாகிட்ட சொன்னேனே" என்றார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அத்தையும்தான்.

கேன்டீன் கதவைத் திறந்துகொண்டு மேலாளர் வந்தார். வழுக்கைத் தலை, கழுத்தில் டை, முகம் முழுக்கச் சிரிப்பு.

"அம்மா, நீங்க சொன்னா அப்பீலே கிடையாது! மத்தியானம் நகராட்சி கமிஷனர் வர்றார். அவர் முன்னாடியே ஆளைப் போலீஸ்ல ஒப்படைச்சுடறோம். இல்லேன்னா மொத்தப் பழியும் உங்க பொண்ணு தலையில விழுந்து, தொட்டியையே இடிச்சுத் தள்ளியிருப்பாங்க."

"தொட்டி சாகறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் அத்தை.

"அதை ஏம்மா கேக்கறீங்க! அதுக்கு முந்தின வாரம் வாயு பிச்சுக்கிட்டு அடிச்சுது. இந்த நிலையம் அப்படி ஒரு வாயுவைப் பாத்ததே இல்லை. நானே கமிஷனருக்குப் போன் போட்டுப் பெருமை அடிச்சேன். யார் கண்ணு பட்டுச்சோ."

அவர் போனதும் அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மாப்பிள்ளை, சாகப் போறவன் முந்தின நாள் எழுந்து டான்ஸ் ஆடுவானா?"

"எங்க சித்தப்பா ஆடினாரு. அதனாலதான் செத்தாரு."

"எழுந்திரிங்க, ஒரு நடை நடந்துட்டு வரலாம்."

"இந்த நாத்தத்துலயா? சொன்னேனே அத்தை, என் பொண்டாட்டி வேலை பாக்கற இடத்துக்கு நான் வந்ததே இன்னைக்குத்தான். இதுவே கடைசியாவும் இருக்கணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்."

வாய் அப்படிப் பேசினாலும் கால் பின்னால் வந்தது.

தொட்டியைச் சுற்றி வந்தார்கள். பக்கத்தில் போனபோது புளித்த வாடை குப்பென்று அடித்தது. மாப்பிள்ளை கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டான். "வீட்டுல எனக்கு ஆறின சோறு. இங்க கிருமிக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு. பொறுமையா ஊட்டி வளர்த்தா பாருங்க, இப்ப பாயோட படுத்துடுச்சு."

அத்தை நின்றுவிட்டாள். தொட்டிக்குச் சாக்கடையைக் கொண்டுவரும் தடித்த குழாயின் மேல் கறுப்பாக ஒரு கோடு. கோடு அசைந்தது.

"எறும்பு," என்றாள்.

"ஆமா அத்தை. இதுக்கு முன்னாடி நீங்க பாத்ததே இல்லையா?"

"வீட்டுல பாத்திருக்கேன். சமையல் மேடையில பாத்திருக்கேன். சாக்கடைக் குழாய்ல எறும்புக்கு என்ன வேலை? அதுவும் சின்ன எறும்பு. பாருங்க, வரிசை கலையாம, ரேஷன் கடைக்குப் போற மாதிரி போகுது."

குழாயின் இணைப்பு ஒன்றில் ஏதோ கசிந்து காய்ந்து பிசுபிசுத்திருந்தது. எறும்புகள் அதில் மொய்த்துக் கிடந்தன. அத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். விரல் ஒட்டிக்கொண்டு வந்தது.

"நக்கிப் பாக்கச் சொல்லிடாதீங்க. நீங்க தர்ற சம்பளம் அந்த அளவுக்கு இல்லை," என்றான் மாப்பிள்ளை.

எறும்பு வரிசை குழாயைப் பிடித்துக்கொண்டே போய், ஒரு நீளச் சுவருக்குப் பின்னால் மறைந்தது. சுவரில் வாசல் எதுவும் தெரியவில்லை.

"அந்தப் பக்கம் என்ன இருக்கும்? எப்படிப் போறது?"

"இப்படி வாங்க, பம்ப் ரூமுக்குள்ள பூந்து போயிடலாம். சுத்திக்கிட்டுப் போனா கால் வலிக்கும்," என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை முன்னால் நடந்தான். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் அத்தைக்குக் கண்ணைக் கட்டியது. ஓடாமல் நின்ற மோட்டார்கள் மங்கலாகத் தெரிந்தன. "தலையைக் குனிஞ்சுக்குங்க அத்தை, குறுக்கே குழாய் இருக்கு. நல்லா இடிக்கும்." அவள் குனிந்தாள். குழாய் அவள் கொண்டையை உரசிக்கொண்டு போனது.

அந்தப் பக்கம் ஒரு சிறிய சிமென்ட் முற்றம். வீடுகளின் கழிவறைத் தொட்டிகளிலிருந்து உறிஞ்சி எடுத்து வரும் லாரிகள் வந்து இறக்குகிற குழி அங்கே இருந்தது. குழிக்கு மேலே இரும்பு மூடி. சுவரில் அடித்த கொக்கியில் ஒரு தடித்த ரப்பர் குழாய் தொங்கியது. எறும்புகளின் ஊர்வலம் நேராக அந்த ரப்பர் குழாயின் வாய்க்குள் போய்ச் சேர்ந்தது.

அத்தை மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். சாக்கடை வாடைக்கு அடியில், லேசாக, ஆரஞ்சு மிட்டாய் வாசனை.

"சர்க்கரைத் தண்ணி," என்றாள். அவள் குரலில் பழைய உற்சாகம் திரும்பியிருந்தது. "காலாவதியான குளிர்பானம். யாரோ லாரி லாரியாக் கொண்டுவந்து குழியில கொட்டியிருக்காங்க மாப்பிள்ளை! கிருமிக்கு விருந்து வெச்சிருக்காங்க. அதான் அந்த வாரம் வாயு அப்படி அடிச்சிருக்கு. அளவுக்கு மேல தின்னதும் உள்ள எல்லாம் புளிச்சு, கிருமி செத்துப்போச்சு. சவ்வு கொழகொழன்னு அடைச்சுக்கிச்சுன்னு அந்த மனுஷன் சொன்னாரே, அதுவும் இதனாலதான். பிளீச்சிங் அப்புறம்தான் வந்திருக்கு. பழியைத் திருப்ப, ஏற்கெனவே செத்த பிணத்தைத்தான் யாரோ திரும்பக் கத்தியால குத்தியிருக்காங்க! புரியுதா? சவ்வுக்காரர் மேல ஒரு தப்பும் இல்லை!"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

சாக்கடையில் ஆரஞ்சு வாசனை. எறும்புகளின் ஊர்வலம். கிருமிக்கு விருந்து. ஒவ்வொன்றுக்கும் மாப்பிள்ளை குறைந்தது ஒரு நக்கலாவது அடித்திருக்க வேண்டும். சாவு வீட்டிலேயே வாயை மூடாதவன். அவன் கைக்குட்டையை அவிழ்த்துக் கையில் பிழிந்துகொண்டு, தரையைப் பார்த்து நின்றிருந்தான்.

அத்தைக்குச் சட்டென்று ஒன்றும் பிடிபடவில்லை. பழக்கதோஷத்தில் மனம் இல்லாததைத் தேடியது. இங்கே என்ன குறைகிறது? ஜோக் குறைகிறது. ஏன் குறைகிறது?

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று வந்து விழுந்தது. வந்ததே இன்றைக்குத்தான் என்று சொன்னவன் சுவருக்குப் பின்னால் போகக் குறுக்குவழி சொன்னான். இருட்டில் தலையை இடிக்கும் குழாய் எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. குளிர்பான ஏஜென்சியில் வேலை பார்த்தவன். காலையில், "கம்பி ஏன் அத்தை காணோம்?" என்று முதலில் கேட்டது யார்? அவளா, அவனா? அவன்தான். "அந்தக் கருவிப் பையைப் பாத்தீங்களா?" என்றதும் அவன்தான்.

"இந்தப் பம்ப் ரூம்ல முன்னாடி நீங்க தலையை இடிச்சுக்கிட்டீங்களா மாப்பிள்ளை?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அது போதும்.

"எத்தனை லாரி?"

"அத்தை..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"முதல்ல ஒண்ணு. அப்புறம் கொஞ்சம் பெரிசா ரெண்டு. பழைய ஏஜென்சிக்காரன் எப்படியும் கீழே கொட்டப்போற சரக்குதான். அவ கேட்டா, நான் கொண்டுவந்தேன். நல்லதுக்குத்தான்னு நெனச்சேன் அத்தை. சத்தியமா."

"அவ கேட்டா," என்று அத்தை திருப்பிச் சொன்னாள். காது கேட்டது, மனம் வாங்கிக்கொள்ள மறுத்தது. "யாரு? என் பொண்ணா?"

அவன் தலையாட்டினான்.

"அந்தக் கம்பி? பையில வெச்சது?"

"அவதான் அறுத்தா. பையில... நான் வெச்சேன்."

காப்பீட்டுக் கம்பெனியில் இருந்த காலத்தில் எத்தனையோ பேர் அவள் காதில் பூச்சுற்றப் பார்த்திருக்கிறார்கள். அழுது பார்த்தவர்கள் உண்டு, மிரட்டிப் பார்த்தவர்கள் உண்டு. யாரிடமும் அவள் ஏமாந்ததில்லை. இன்றைக்குச் சொந்த வீட்டு ஆட்களே கூட்டிக்கொண்டு வந்து, தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறார்கள். அவளும் குனிந்து காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீங்க இங்கேயே நில்லுங்க மாப்பிள்ளை. என் பின்னாடி வராதீங்க."

கோபத்திலும் அவள் மரியாதையை விடவில்லை. அவள் கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மகள் பரிசோதனைக்கூடத்தில் இருந்தாள். ஜன்னலோரம் கண்ணாடிக் குடுவைகள். மேஜை மேல் கமிஷனருக்காக வாங்கிவந்த பூங்கொத்து. அம்மாவைக் கண்டதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அம்மாவின் விரலைப் பார்த்ததும் நின்றுபோனது. அத்தையின் ஆள்காட்டி விரல் நுனியில், பிசுபிசுப்பில் ஒட்டிக்கொண்டு, ஒரு எறும்பு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"உக்காரும்மா," என்றாள் மகள்.

"நீ உக்காரு. நான் நிக்கறேன்."

மகள் உட்கார்ந்தாள். பிறகு யாரோ அணையைத் திறந்துவிட்ட மாதிரி பேச ஆரம்பித்தாள்.

"நம்ம ஊர்ச் சாக்கடை வெறும் தண்ணிம்மா. அதுல சத்தே இல்லை. எவ்வளவு பண்ணியும் வாயு போதலை. கமிஷனர் வந்து பாத்துட்டு, காத்து ஊதற பழைய தொட்டியே கட்டிடலாம்னு சொல்லிட்டா எல்லாம் போச்சு. அதான் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி விட்டேன். வாயு ஏறிச்சு பாரு, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அந்தச் சந்தோஷத்துல இன்னும் கொஞ்சம் விட்டேன். நான் படிச்ச படிப்புக்கு அது தெரியாமலா? அளவு மீறினா புளிச்சுடும்னு தெரியும். இருந்தும் விட்டேன்."

"ஊட்டி ஊட்டியே கொன்னுட்டே."

"சாக்கடையைத் தவிர ஒரு சொட்டு உள்ள போனாலும் என் வேலை போயிடும்மா. வேலை போனா போகட்டும், தொட்டியை இடிச்சுடுவாங்க. திரும்ப இதை யாரும் கட்ட மாட்டாங்க. எல்லாரும் சேந்து, பாத்தியா நாங்க அப்பவே சொன்னோம்பாங்க. அதான் சர்க்கரையை மறைக்கப் பிளீச்சிங்கையும் திறந்துவிட்டேன்."

"அதுக்கு அந்த மனுஷன் என்ன பண்ணினாரு?"

மகள் குடுவைகள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சவ்வு அடைச்சுக்குதுன்னு உன்கிட்ட வந்து சொன்னாரு. அதானே அவர் பண்ணின தப்பு? இன்னும் கொஞ்ச நாள்ல அவருக்கே விஷயம் விளங்கிடும்னு பயந்துட்டே."

"அவருக்கு வேற எங்கேயாவது வேலை கிடைச்சுடும்னு நெனச்சேன்மா."

"எங்கே? ஜெயில்லயா?"

மகள் முகத்தை மூடிக்கொண்டாள். அத்தைக்கு அவளைத் தொட வேண்டும் போல இருந்தது. தொடவில்லை. கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதற்குப் பதில் தெரிந்தும், மகள் வாயாலேயே கேட்க வேண்டியிருந்தது.

"போலீஸைக் கூப்பிடாம என்னை ஏன்டி கூப்பிட்டே?"

"போலீஸ்னா எல்லா இடத்தையும் தோண்டுவாங்க. நீன்னா..."

"நான்னா? சொல்லு."

"நீ இல்லாததைத் தேடுவேம்மா," என்றாள் மகள், கைகளுக்குள்ளிருந்து. "காணாமப் போனது கிடைச்சுட்டா உனக்கு அதோட திருப்தி ஆயிடும். நீ சொல்லிட்டா மேலாளர் மறுபேச்சுப் பேச மாட்டார்."

மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில், அத்தை சாப்பாட்டு மேஜையில் அன்றன்றைய கேஸைக் கதையாகச் சொல்வாள். இந்தப் பெண் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பாள். "அப்புறம்மா? அப்புறம் எதைக் காணோம்?" என்பாள். அம்மாவுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் அந்த நாட்களில் வேறு இல்லை. அந்தக் கதைகளிலிருந்தே இவள் ஒரு கம்பியைச் செய்து, அம்மாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறாள்.

"எனக்குன்னே பாத்துப் பாத்துப் பரிமாறியிருக்கே," என்றாள் அத்தை. "நானும் ருசிச்சுச் சாப்பிட்டேன். எல்லார் எதிர்லயும் விரலை நீட்டினேன். பெருமையா வேற இருந்துச்சுடி எனக்கு. என் பொண்ணைக் காப்பாத்திட்டேன்னு."

"அம்மா, தொட்டியைத் திரும்ப வளர்த்துடலாம்மா. வேற நிலையத்துலேர்ந்து கிருமி வாங்கிட்டு வந்து போட்டா வந்துடும். கொஞ்ச மாசம் போதும். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பேசாம இரு. அவரை நான் எப்படியாவது வெளியே கொண்டுவந்துடறேன். சத்தியம்மா."

"எதை வெச்சு? இன்னொரு கம்பியையா?"

"நான் உன் பொண்ணும்மா."

"அது உனக்கு நல்லாத் தெரிஞ்சதாலதானே என்னைக் கூப்பிட்டே."

அவள் கதவருகே போய் நின்றாள். "எழுந்து வா. நீயே போய்ச் சொல்லு. நான் கூட நிக்கறேன்."

மகள் எழுந்திருக்கவில்லை. அத்தை காத்திருந்தாள். குழந்தையாக இருந்தபோது செருப்பு மாட்டிக்கொள்ள இவள் எடுத்துக்கொள்ளும் நேரமெல்லாம் வாசலில் இப்படித்தான் காத்திருப்பாள். அப்போது கடைசியில் மகள் வந்துவிடுவாள். இப்போது வரவில்லை. அத்தை கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

மேலாளர் வாசலில் டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "கமிஷனர் கார் கேட்டுக்கு வந்தாச்சும்மா. நீங்களும் பக்கத்துல நில்லுங்க, போட்டோ எடுக்கறாங்க."

"அந்த ஆளை விட்டுடுங்க. அவர் ஒண்ணும் பண்ணலை."

"என்னம்மா இது! காலையில நீங்கதானே..."

"காலையில நான் சொன்னது தப்பு. என்னை ஏமாத்திட்டாங்க. காவலாளியை அந்தப் பக்கம் போகச் சொல்லுங்க முதல்ல."

"அப்ப யாரு செஞ்சது?"

"சொல்றேன். முதல்ல அவர்கிட்ட பேசணும்."

பெஞ்சுக்குப் போனாள். சவ்வுக்காரர் அவளைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றார். அது அவளுக்கு அடி வாங்கியது போலிருந்தது.

"உக்காருங்கய்யா. நான்தான் உங்க முன்னாடி நிக்கணும். உங்க மேல அபாண்டமாப் பழி போட்டுட்டேன். நீங்க செய்யலைன்னு இப்ப தெரிஞ்சுடுச்சு. மேலாளர்கிட்ட சொல்லிட்டேன். கமிஷனர்கிட்டயும் சொல்லப் போறேன்."

அவர் தன் கைகளைப் பார்த்தார். பிளீச்சிங் பட்டுப் பட்டு வெளுத்த கைகள்.

"பரவால்லம்மா," என்றார். "ஆனா வீட்டுல சொல்லணும். பொண்டாட்டிக்குப் போன் போட்டு இந்த மாதிரின்னு சொன்னேன். நீங்க வந்தீங்கன்னதும், அந்த அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும், ஏன்யா இப்படிப் பண்ணேன்னு என்னைக் கேக்கறா. நான் இல்லைன்னா நம்ப மாட்டேங்கறா. அழுதுக்கிட்டிருக்கா."

அத்தை போனுக்காகக் கையை நீட்டினாள். அவர் புரிந்துகொண்டு எண்ணை அழுத்திப் போனை அவளிடம் கொடுத்தார்.

மணி ஒரு தடவைகூட முழுசாக அடிக்கவில்லை. "என்னய்யா ஆச்சு? போலீஸ் வந்துட்டாங்களா?" என்றது ஒரு பெண் குரல், அழுது அழுது கரகரத்துப்போய்.

"நான் துப்பறிய வந்த அம்மா பேசறேன். உங்க வீட்டுக்காரர் எதுவும் பண்ணலைம்மா. அவர் சொன்னதெல்லாம் உண்மை. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அவரைத் திட்டாதீங்க."

"நெசமாவாம்மா? மனசுக்காகச் சொல்லலையே? அப்ப யாரும்மா செஞ்சது?"

கமிஷனரின் கார் உள்ளே வந்து திரும்பியது. கதவு திறக்கிற சத்தம், மேலாளர் ஓடிவந்து வணக்கம் சொல்கிற சத்தம், நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம். பம்ப் ரூம் வாசலில் மாப்பிள்ளை நின்றிருந்தான். பரிசோதனைக்கூடத்தின் திறந்த கதவில் மகள் வந்து நின்றாள்.

"என் பொண்ணு," என்றாள் அத்தை. குரல் அவளுக்கே எட்டவில்லை.

"கேக்கலையேம்மா. ஒரே சத்தமா இருக்கு. யாருன்னு சொன்னீங்க?"

அத்தை நிமிர்ந்து நின்றாள். முற்றத்தில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரலை உயர்த்தினாள்.

"என் பொண்ணும்மா. நான் பெத்த பொண்ணு."